மாமியின் வழக்கில் நான் தலையாட்டியது

போன கிழமை மூத்தவள் என்னிடம் வந்து, மாமியின் வழக்கில் வந்த அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்டாள். நான் கிணற்றடியில் மோட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிறீஸ். "ஓம்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

கேள்வி எனக்கு நன்றாகவே கேட்டது. நல்லதா என்றதற்கும் ஒரு ஓம் வந்தது, கெட்டதா என்றதற்கும் ஒரு ஓம் வந்தது. வாய் ஒன்றுதானே, ஒரு ஓமாக வெளியே வந்துவிட்டது. பிள்ளைகளிடம் அப்படி அரைகுறையாகச் சொல்லிவிட்டு இருக்கக் கூடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிற்பாட்டினவன். மோட்டர் திருத்துகிறவனுக்குச் சட்டம் எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் மூன்று பேரும் என்னைவிடப் படித்தவர்கள். வாசித்துவிட்டு, எந்த இடத்தில் எனக்குப் பிழைத்தது என்று சொல்லுங்கள்.

என் தங்கச்சி, உங்கள் மாமிக்கு உரும்பிராயில் ஆறு பரப்புத் தோட்டக் காணி இருப்பது உங்களுக்குத் தெரியும். நல்ல செம்மண். கிணற்றில் பங்கும் வாய்க்காலும் உண்டு. மாமியின் கலியாணத்துக்கு எங்கள் ஐயா, உங்கள் அப்பப்பா, எழுதிக் கொடுத்த சீதனம் அது. எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்பிள்ளை கலியாணம் கட்டிப் பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் ஒரு சூட்கேசோடு இந்த வீட்டுக்கு வந்தேன். நாங்கள் இருக்கிற இந்த வீடும், கிணறும், வேலியோரத்து முருங்கையும் உங்கள் அம்மாவின் பெயரில் இருக்கின்றன. வெளியூர் ஆட்கள் மோட்டர் வாங்க வந்தால் இதை நான் பெருமையாகச் சொல்லுவேன். எங்களுடைய ஊரில் பெண்கள்தான் காணிக்காரர் என்று.

மாமியின் கணவரை நீங்கள் மாமா என்று கூப்பிட வேண்டும். சின்னவன் அவரைக் கண்டதே இல்லை. வவுனியாவுக்கு வேலைக்கென்று போனவர். சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை. முதலில் மாதம் ஒரு தடவை வந்தார், பிறகு தைப்பொங்கலுக்கு வந்தார், பிறகு வரவில்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்று பிறகுதான் அறிந்தோம். விவாகரத்து எடு என்று எல்லோரும் மாமிக்குச் சொன்னோம். விட்டுவிட்டுப் போனது அவர், அவரை விடுவதற்கு நான் ஏன் கோட்டுப் படி ஏற வேண்டும் என்று மாமி கேட்டார். மகளை வளர்க்கிற வேலையில் அந்தக் கதை அப்படியே நின்றுவிட்டது.

மருதனார்மடம் சந்திக்குப் பக்கத்தில் ஒரு கடையறையை வாடகைக்கு எடுத்து மாமி பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறார். உங்கள் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அங்கே தைத்தவைதான். அந்தக் கடைக்காரர் அறையை விற்கப் போவதாகச் சொன்னார். முதல் மாமியைத்தான் கேட்டார். வேறு ஆள் வாங்கினால் மாமி மெஷினைத் தூக்கிக்கொண்டு எழும்ப வேண்டும். சந்தியை விட்டு உள்ளுக்குப் போனால் யார் வந்து தைக்கக் கொடுப்பார்கள். ஆகவே மாமி ஒரு முடிவு எடுத்தார். ஆறு பரப்பில் இரண்டு பரப்பைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விற்றுவிட்டு அறையை வாங்குவது. பக்கத்துத் தோட்டக்காரருக்கும் விருப்பம். இவ்வளவுதான் விஷயம். இதில் சட்டம் எங்கேயிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

காணி எழுதுகிற நொத்தாரிசிடம் போனோம். அவர் காணி உறுதிப் பத்திரத்தை விரித்துப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். அவர் இல்லை, இது என்னுடைய காணி என்றார் மாமி.

"காணி உங்கடைதான் பிள்ளை. ஆர் இல்லையெண்டது. விக்கிறதுக்கு மட்டும் அவரின்ரை கையெழுத்து வேணும்."

"வரி கட்டேக்கை அவர் வேண்டாமோ?"

நொத்தாரிசு சிரித்தார். வரியை யாரும் கட்டலாம் என்றார். இது தேசவழமை, கலியாணம் கட்டிய பெண் தன்னுடைய காணியை விற்பதென்றாலும் ஈடு வைப்பதென்றாலும் கணவன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், ஒல்லாந்தர் காலத்தில் எழுதி வைத்தது, வெள்ளைக்காரன் காலத்தில் சட்டமாகியது, இன்றைக்கும் அதுதான் என்று விளங்கப்படுத்தினார். ஆண்பிள்ளை தன்னுடைய காணியை விற்றால் என்று நான் கேட்டேன். அவர் தாராளமாக விற்கலாம் என்றார்.

ஐம்பது வயது கடந்தவன் நான். தேசவழமை என்ற சொல்லைச் சின்ன வயது முதல் கேட்டிருக்கிறேன். அதை ஏதோ கோயில் கொடிமரம் மாதிரி, எங்களுடையது என்று நினைத்திருந்தேன். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் வவுனியாவுக்குப் போனேன். மாமா என்னை நன்றாக வரவேற்றார், அதையும் சொல்ல வேண்டும். தேத்தண்ணி தந்தார். அந்த வீட்டுப் பெண் மிக்சர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றுக்கும் மறுக்கவில்லை.

"நான் எப்ப மச்சான் மாட்டன் எண்டனான்? எனக்கு அந்தக் காணியிலை ஒரு சதம் வேண்டாம். அவ ஒருக்கா இஞ்சை வந்து என்னட்டைக் கேக்கட்டும். வாயாலை ஒரு வார்த்தை. உடனை வைச்சுத் தாறன்."

பஸ்ஸில் வரும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போய்க் கேட்பதற்கு என்ன, அரைநாள் பயணம்தானே என்று நினைத்தேன். நேரே கடைக்குப் போய் மாமியிடம் சொன்னேன். மாமி வெள்ளைத் துணியை மேசையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"போகேக்கை என்னட்டைக் கேட்டுப் போனவரோ அண்ணை?"

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. மாமி வவுனியாவுக்குப் போக மாட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. கடையறை போனாலும் போக மாட்டார்.

அப்போதுதான் பெண்களுடைய வழக்குகளைப் பேசுகிற ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் யாரோ எங்களை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் அவருடைய அலுவலகம் ஒரு பல் வைத்தியருக்கு மேல் மாடியில் இருந்தது. அவர் எங்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று மாவட்ட நீதிமன்றம். கணவன் விட்டுவிட்டுப் போயிருந்தால், அல்லது காரணமில்லாமல் சம்மதம் தராவிட்டால், அவருக்குப் பதிலாக நீதிமன்றம் சம்மதம் தரலாம், அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது.

மாமி யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு இந்த ஒரு அலுவலுக்கு மட்டும் கோர்ட்டுத்தான் புருசன்" என்றார். சட்டத்தரணி அம்மா சிரித்தார், பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, ஓம், கிட்டத்தட்ட அதுதான் என்றார்.

மற்ற வழி கொழும்பு. அடிப்படை உரிமை மனு. ஆணுக்குத் தேவையில்லாத கையெழுத்து பெண்ணுக்கு ஏன் தேவை என்று உயர் நீதிமன்றத்தில் கேட்பது. வெல்லுவது கஷ்டம் என்று முதலே சொன்னார். ஆனால் யாராவது ஒருநாள் போய்க் கேட்க வேண்டும், கேட்கக் கூடிய ஆள் இதுவரை கிடைக்கவில்லை என்றார். மாமி அந்தக் கதிரையில் நிமிர்ந்து இருந்ததைப் பார்த்தே நான் விடையை அறிந்துகொண்டேன். கடைக்காரருக்கு அவசரமில்லை, மகன் பிரான்சிலிருந்து வந்த பிறகுதான் எழுதுவதாக இருந்தார். அதுவும் மாமிக்குத் துணிவு கொடுத்திருக்கும்.

அந்த அம்மா சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் காட்டினார். அதில் இந்தச் சட்டம் யாழ்ப்பாண மாகாணத்தின் மலபார் குடிகளுக்கு உரியது என்று இருந்தது. மலபார் யார் என்று நான் கேட்டேன். நீங்கள்தான், யாழ்ப்பாணத் தமிழரை ஒல்லாந்தர் அப்படித்தான் எழுதினார்கள் என்றார். நான் திரும்ப வாசித்தேன். எனக்குப் பெயர் தெரியாத ஒரு ஆளுக்குப் போட்ட சட்டத்தில் நான் இருக்கிறேன். இன்னொன்றும் சொன்னார். இந்தச் சட்டத்துக்கு உட்படாத ஊர் ஆணைக் கட்டியிருந்தால் மாமிக்கும் இந்தச் சட்டம் இல்லை.

"உங்களுக்கு ஞாபகமோ அண்ணை" என்று மாமி என்னைப் பார்த்தார். "ஒரு மட்டக்களப்புப் பொடியன் பேசி வந்தது. தூரம் எண்டு ஐயா விட்டிட்டார். அவனைக் கட்டியிருந்தா நான் இப்ப ஒருத்தனையும் கேக்காமல் வித்திருப்பன்."

பிறகு நடந்த ஒரு வேலை எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. மாமாவின் கையெழுத்து இல்லாமலே அந்த அம்மா இரண்டு பரப்புக்கும் ஒரு உறுதி எழுதினார். பக்கத்துத் தோட்டக்காரரும் வந்து கையெழுத்து வைத்தார். அதைக் காணிப் பதிவகத்துக்குக் கொடுத்தோம். அது திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே கொடுத்தோம். அரசாங்கம் மறுத்தால்தான் அரசாங்கத்துக்கு எதிராக மனுப் போடலாமாம். நான் என் வாழ்நாளில் மோட்டர் ஓட வேண்டும் என்றுதான் வேலை செய்திருக்கிறேன். ஓடாமல் நிற்பதற்கென்று ஒன்றைப் பூட்டிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அது ஒழுங்காகத் திரும்பி வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

கொழும்புக்கு நானும் மாமியும் காலை ரயிலில் போனோம். வெள்ளவத்தையில் தெரிந்த ஒரு வீட்டில் தங்கினோம். மாமி கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை கட்டினார். நான் உங்கள் சித்தப்பாவின் சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன், ஒரு அங்குலம் பெரிது. புதுக்கடையில் உயர் நீதிமன்றம் இருக்கிற அந்தப் பெரிய கட்டடத்துக்குள் என்னுடைய ஒவ்வொரு காலடியும் இரண்டு தடவை கேட்டது. ஒன்று சப்பாத்து, ஒன்று நான்.

உள்ளே இடமில்லை. மாமி சுவரோடு நின்றார். முன்னால் கறுப்பு உடுப்போடு ஒரு மனிதர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி, என்னுடைய வயதுதான் இருக்கும். அவர் திரும்பி மாமியைக் கண்டார். காவலாளியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். காவலாளி எங்கேயோ போய் ஒரு கதிரை கொண்டுவந்து மாமிக்குப் போட்டார். மாமி அவருக்குத் தலைகுனிந்து நன்றி சொன்னார். நல்ல மனிதர் என்று நான் மாமியின் காதில் சொன்னேன். அவர்தான் அரச சட்டவாதி என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு எதிராக அரசாங்கத்துக்காகப் பேச வந்தவர்.

எல்லாம் இங்கிலீசில் நடந்தது. எங்கள் சட்டத்தரணி அம்மாவோடு வேலை பழகுகிற பிள்ளை ஒருத்தி எங்களுக்கு நடுவில் இருந்து மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் எங்கள் சட்டத்தரணி அம்மா பேசினார். நன்றாகப் பேசினார் என்று நினைக்கிறேன். பிறகு அந்த மனிதர் எழும்பினார்.

அவர் மாமியைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுடைய நிலை கவலைக்குரியது என்றுதான் தொடங்கினார். அடுத்ததாக, அரசியலமைப்பிலேயே ஒரு இடம் இருக்கிறது என்றார். அரசியலமைப்பு வருவதற்கு முன்பே இருந்த சட்டங்கள், அடிப்படை உரிமையோடு ஒத்துவராவிட்டாலும் செல்லும். இந்தச் சட்டம் அப்படி முன்பே இருந்தது. ஆகவே அது சரியா பிழையா என்று இந்த நீதிமன்றம் பார்க்கவே முடியாது, மாற்றுவதென்றால் பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். அந்தப் பிள்ளை இதைச் சொன்னபோது நான் திரும்பவும் சொல்லச் சொன்னேன். பழையதாக இருந்தால் நியாயமில்லாமலும் இருக்கலாமா என்று கேட்டேன். அவள் உஸ் என்றாள்.

பிறகு, மாமிக்கு மாவட்ட நீதிமன்றம் என்ற கதவு திறந்திருக்கிறது, அவர் அதைத் தட்டாமல் இங்கே வந்திருக்கிறார் என்றார்.

கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் குழப்பியது. அவர் தாள்களைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். இது அரசாங்கம் இந்த மக்கள் மேல் போட்ட சட்டமில்லை, யாழ்ப்பாணத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே நடந்துவந்த வழி. எத்தனை ஆட்சி வந்தும் அழியாமல் வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்குக் காணி கொடுத்த சமுதாயம், அந்தக் காணி கைவிட்டுப் போகாமல் பாதுகாக்கத்தான் இந்தக் கையெழுத்தை வைத்தது. ஒரு சிறுபான்மை மக்களின் வழக்கத்தில் கைவைக்கும்படி அரசைக் கேட்பது பாரதூரமான விஷயம். அரசு அதைக் காக்கக் கடமைப்பட்டது.

பிள்ளைகளே, இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியவில்லை. உங்களுக்கு நினைவு தெரிந்த காலம் வேறு. நான் வளர்ந்த காலத்தில், எங்களுடையது என்று நாங்கள் சொன்ன எதையும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஓம் உங்களுடையதுதான் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெரிய மண்டபத்தில், அவ்வளவு உயரத்தில் இருந்த நீதியரசர்களுக்கு முன்னால், ஒரு சிங்கள மனிதர் எங்கள் வழக்கத்தை இவ்வளவு மரியாதையாகச் சொல்லுகிறார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பிள்ளை காதில் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

தலையாட்டியது எனக்குத் தெரியாது. மாமி பார்த்துவிட்டார்.

மனுவை மேலே கொண்டுபோக நீதியரசர்கள் அனுமதி தரவில்லை. நடுவில் இருந்தவர் மாமியைப் பார்த்து, அனுதாபம் இருக்கிறது, ஆனால் எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். வெளியே விறாந்தையில் அந்த மெலிந்த மனிதர் எங்களைக் கடந்து போனார். நின்று, உடைந்த தமிழில், "போயிட்டு வாங்கோ அம்மா" என்றார். மாமி, ஓம் ஐயா என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைப்பதற்கு எனக்கு ஏதாவது வேண்டும் போலிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் சட்டத்தரணி அம்மாவிடம் கேட்டேன். அந்த மனிதர் மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்பது வேறு, அரசாங்கத்தின் சட்டம் எதுவென்றாலும் அதைத் தாங்கிப் பேசுவது அவருடைய வேலை, நாளைக்கு வேறு ஆட்களுடைய சட்டத்துக்கு வழக்கு வந்தால் அதையும் இதே குரலில் பொக்கிஷம் என்பார் என்றார். எனக்கு அதைக் கேட்கக் கவலையாக இருந்தது. அந்தக் குரல் எங்களுக்கென்று வந்தது என்று நினைத்துவிட்டேன்.

திரும்பி வரும் ரயிலில் மாமி யன்னல் பக்கம் இருந்தார். பொல்காவலைக்கு அப்பால் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் தலையாட்டினனீங்கள் அண்ணை."

நான் உடனே மறுத்தேன். பிறகு, ஆட்டியிருப்பேன் என்றேன். எங்களுடையது என்று ஒன்றையாவது அவங்கள் காப்பாற்றுகிறாங்களே, அதற்குத்தான் என்றேன்.

"அம்மாவின்ரை காணியைக் காப்பாத்தினவங்களோ?"

எங்கள் அம்மாவின் சீதனக் காணி வலிகாமம் வடக்கில் இருந்ததும், அது இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனதும், அம்மா அதைத் திரும்பப் பார்க்காமலே கண்மூடியதும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"அதுவும் இதே சட்டத்துக்குள்ளை இருந்த காணிதானே. முள்ளுக்கம்பி அடிக்கேக்கை ஐயாவின்ரை சம்மதம் எழுத்திலை வேணும் எண்டு ஆரும் வந்து கேட்டவையோ?"

மாமி கோபமாகச் சொல்லவில்லை. கொண்டுவந்த புட்டுப் பொதியை அவிழ்த்துப் பாதியை எனக்குத் தந்தார். மாமி சொன்னது முழுக்கச் சரி என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த மனிதர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னதும் எனக்குள்ளே அப்படியே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஒன்றை ஒன்று தள்ளவில்லை. இதைத்தான் மூத்தவளுக்கு என்னால் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றம்தான். மாமி அதற்கு ஓம் என்று சொல்லச் சில நாள் எடுத்தது. பிரான்சிலிருந்து கடைக்காரரின் மகன் வருகிற நேரம் கிட்டியது, அதுதான் அவரை அசைத்தது. மாமாவுக்கு அறிவித்தல் போனது. அவர் வர மாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். வெள்ளைச் சேட்டும் புது வேட்டியுமாக வந்து நின்றார். ஏதோ கோயில் உபயகாரர் மாதிரி. மாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நீதிபதி ஒரு பெண். இளம் ஆள், எங்கள் சட்டத்தரணி அம்மாவைவிட இளமை. இங்கே எல்லாம் தமிழில் நடந்ததால் எனக்கு ஒருவரும் காதில் சொல்லத் தேவையில்லை. விற்பனைக்கு உமக்கு மறுப்பு இருக்கிறதா என்று மாமாவைக் கேட்டார். இல்லை என்றார். பிறகு ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்றார்.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை அம்மா."

நீதிபதி பேனையைக் கீழே வைத்தார். "சரி. இப்ப நான் கேக்கிறன். வைப்பீரோ?"

மாமா கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து, "ஓம் அம்மா" என்றார். எழுத்தில் சம்மதத்தை அங்கேயே கொடுத்தார். அவ்வளவுதான். கொழும்பு வரைக்கும் போய், அரசியலமைப்பைப் புரட்டி, எவ்வளவு பேர் பேசின விஷயம். மோட்டரில் ஒரு சின்ன வாஷர் போயிருந்தால் இப்படித்தான். எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பிறகுதான் அது கண்ணில் படும். ஆனால் இது வாஷர் விஷயமில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது.

வெளியே வந்ததும் மாமி ஓட்டோவில் ஏறி இருந்துகொண்டு, "கடைசியிலை ஒரு பொம்பிளை கேட்டுத்தானே வைச்சவர்" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க நான் திரும்பினேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், வெயில் என்றார். வென்றோமா தோற்றோமா என்று கேட்கலாம் என்று நினைத்து, கேட்காமல் விட்டேன்.

இரண்டு பரப்பு விற்றாயிற்று. போன கிழமை கடையறைக்கு உறுதி எழுதப் பழைய நொத்தாரிசிடமே போனோம். மூத்தவளும் உதவிக்கு வந்தாள், அவள் பார்த்ததுதான். நொத்தாரிசு எழுதத் தொடங்கும்போது மாமி ஒரு கேள்வி கேட்டார். பிறகொரு காலம் இந்த அறையை விற்க வேண்டி வந்தால் எப்படி என்று. நொத்தாரிசு என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார்.

"திரும்பவும் அதேதான் பிள்ளை. நீங்கள் அவரின்ரை மனிசியாய் இருக்கும் மட்டும், உங்கடை பேரிலை வாற எல்லாத்துக்கும் அதுதான்." பிறகு, உதவி செய்கிற எண்ணத்தில், மகளுடைய பெயரில் எழுதினால் பிரச்சினை இல்லை, அவள் இன்னும் கட்டவில்லையே என்றார்.

"அவளும் கட்டும் மட்டும்தானே" என்றார் மாமி. நான் தைத்த அறை, நான் விற்ற காணி என்றார். "என்ரை பேரிலையே எழுதுங்கோ. நான் விக்கப் போறதில்லை."

அப்படியே எழுதியாயிற்று. இப்போது அந்த அறை மாமியுடையது. நேற்றுப் போனபோது வாசலில் வெயில் மறைக்கப் புதுப் படங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தவணைக்கு உடுப்புத் தைக்க ஆட்கள் வந்து நின்றார்கள். மாமி என்னை இருக்கச் சொல்லவும் நேரமில்லாமல் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

மூத்தவள் கேள்வி கேட்டது நொத்தாரிசிடம் போய் வந்த அன்றைக்குப் பின்னேரம்தான். அவள் போன பிறகு நான் மோட்டரைப் பூட்டாமல் அப்படியே இருந்தேன். இந்த மோட்டர் இருக்கிற நிலம், இந்தக் கிணறு, நான் இருக்கிற இந்தக் கல்லு எல்லாம் உங்கள் அம்மாவுடையது. அம்மா இதில் ஒரு துண்டை மூத்தவளுக்கு எழுதுவதென்றாலும் என்னைக் கேட்க வேண்டும். கலியாணம் கட்டி இவ்வளவு காலம் அந்தச் சாவி என்னுடைய சேட்டுப் பொக்கற்றில் கிடந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

அடுத்த நாள் நொத்தாரிசிடம் தனியாகப் போய், இனிமேல் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று இப்போதே ஒட்டுமொத்தமாக எழுதி வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் தாடையைத் தடவினார். அப்படி எழுதினால் நாளைக்கு நிற்குமோ என்று தனக்குத் தெரியாது, ஒவ்வொன்றாக வரும்போது வைப்பதுதான் பாதுகாப்பு என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, நான் விக்கப் போறன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

இல்லை, ஒருநாள் விற்க வேண்டி வந்தால் என்றேன்.

"வந்தாக் கேப்பன். நீங்கள் என்ன மாட்டன் எண்டோ சொல்லப் போறியள்?"

ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்றேன். பிறகென்ன, போய் மோட்டரைப் பூட்டுங்கோ, தொட்டியில் தண்ணீர் இல்லை என்றார். நான் கிணற்றடிக்குப் போய் மூடியைப் பூட்டி ஆணியை இறுக்கினேன். கறண்ட் ஆளியைப் போட்டேன். முதலில் காற்றும் பிறகு தண்ணீருமாகக் குழாய் இருமியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் குசினி யன்னலால் அம்மாவின் குரல் கேட்டது. மீன் வெட்டுகிற கையை நிற்பாட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனா மாட்டன் எண்டு சொல்ல ஏலும், என்ன?"

"ஓம்" என்றேன்.